சாரத்தின் மேல் நிற்பவருக்கு யார் பொறுப்பு?

மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு மேல்தளக் கான்கிரீட் போடும் நாளில் அருகே சற்று நேரம் நின்று பார்த்தவர் எவரும், அன்று அவ்விடத்தில் கட்டிடம் என்று பெயர் சொல்லத்தக்க பொருள் இன்னும் பிறக்கவில்லை என்பதை உணர்வர். தகடுகளும் பலகைகளும் சவுக்குக் கட்டைகளும் இரும்பு ஜாக்கிகளும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து ஏந்திநிற்கும் ஈரக் கலவை ஒன்றே அங்கு உண்டு. அதன்மேல் கம்பி கட்டுபவரும், வைப்ரேட்டர் பிடிப்பவரும், கலவைச் சட்டி ஏந்திய சித்தாள்களும், மட்டப்பலகை இழுக்கும் கொத்தனாருமாக இருபது முப்பது பேர் ஓயாமல் நடமாடிக்கொண்டிருப்பர். கீழே சென்ட்ரிங் ஆட்கள் இருவர் சுத்தியலும் கையுமாக முட்டுகளைத் தட்டிப் பார்த்தபடி திரிவர். 1,000 சதுர அடிப் பரப்பும் 5 அங்குலக் கனமும் உடைய தளம் ஏறக்குறைய 30 டன் எடையுள்ளது. அந்த எடையைத் தானே தாங்கிக்கொள்ளும் வலிமை கான்கிரீட்டுக்கு வரப் பல நாட்கள் ஆகும்; அதுவரை அதைத் தாங்குபவை அந்தக் கட்டைகளே. கட்டி முடித்துக் குடியேறிய பிறகு நூறு ஆண்டு நிற்கப்போகும் கட்டிடம், தன் ஆயுளிலேயே மிகவும் பலவீனமாக நிற்பது இந்தக் காலத்தில்தான்.

அந்த வேளையில் தளம் சரிந்தால் நஷ்டம் யாருடையது? மனை தன்னுடையது, பணம் தன்னுடையது, ஆகவே கட்டிடமும் தன்னுடையதே என்று எண்ணும் வீட்டுக்காரர், விபத்து என்று வந்துவிட்டால் அது ஒப்பந்தக்காரரைச் சேர்ந்தது என்று ஒதுங்குவார். ஒப்பந்தக்காரர் சென்ட்ரிங் வேலையை எடுத்த உள்ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். உள்ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரியைக் காட்டுவார். கிரமமாக எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் இந்தச் சுற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. 1913-இல் தோன்றிய சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு, 1957-இல் முதற்பதிப்பாக வெளியிட்டு இன்றளவும் திருத்தி வழங்கிவரும் சிவப்பு அட்டை ஒப்பந்த விதிகளிலும், நம் நாட்டு அரசுத் துறைகள் கையாளும் பொது நிபந்தனைகளிலும் ஆதாரமான கொள்கை ஒன்றே: வேலை முடிந்து உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும் வரையில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கட்டிடத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரரைச் சார்ந்தது. வெள்ளத்தில் இடிந்தாலும், தீயில் வெந்தாலும், இரவில் கம்பி திருட்டுப் போனாலும் அவர்தான் தம் செலவில் மறுபடி கட்டித் தரவேண்டும். ஊர்ப்புறங்களிலும் நகரத்தின் சந்துகளிலும் எழும்பும் வீடுகளுக்கோ பெரும்பாலும் இத்தகைய எழுத்தே இருப்பதில்லை. சதுர அடிக்கு இன்ன விலை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, “எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், மேஸ்திரி” என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வாக்கியமே ஒப்பந்தம் முழுவதுமாகிவிடுகிறது. அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் எத்தனை லட்சம் ரூபாய்ப் பொறுப்பு அடங்கியிருக்கிறது என்பதை இருவருமே அப்போது கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

இந்தப் பொறுப்பைத் தனியொருவர் தோளில் சுமக்க இயலாது என்பதை உணர்ந்தே, கட்டுமான வேலைக்கென்று தனியான காப்பீட்டு முறை ஒன்று உருவாயிற்று. லண்டனில் தேம்ஸ் நதியின் குறுக்கே லாம்பெத் பாலம் கட்டப்பட்டபோது, 1929-இல் வழங்கப்பட்ட பாலிசியே இந்த வகையில் முதலாவது என்று காப்பீட்டுத் துறையின் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர். அதற்கு முன்பெல்லாம் தீக்கு ஒரு பாலிசி, திருட்டுக்கு ஒரு பாலிசி என்று ஒவ்வோர் அபாயத்துக்கும் தனித்தனியே பெயர் சொல்லி வாங்கவேண்டியிருந்தது. புதிய முறை இதைத் தலைகீழாக மாற்றியது: விலக்கப்பட்டவை இன்னின்ன என்று பாலிசியில் எழுதியிருக்கும், எழுதப்படாத எந்தக் காரணத்தால் எதிர்பாராத சேதம் நேர்ந்தாலும் ஈடு கிடைக்கும். ‘கான்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்று நம் ஊர் அலுவலகங்களிலும் அழைக்கப்படுவது இதுவே. இயந்திரங்களையும் இரும்புச் சட்டங்களையும் நிறுவும் வேலைகளுக்கு இதனுடைய உடன்பிறப்பான வேறொரு பாலிசி உண்டு. ஜேசிபி, கிரேன், கான்கிரீட் பம்பு முதலிய எந்திரங்களைச் சொந்தமாக வைத்திருப்பவர் அவற்றுக்கென்றும் தனியே ஒன்று எடுத்துக்கொள்வர்.

எல்லா அபாயங்களுக்கும் என்ற பெயரைக் கேட்டதுமே இனிக் கவலை இல்லை என்று நிம்மதி அடைபவர் பலர். அந்த நிம்மதி எவ்வளவு உறுதியானது என்பது பாலிசியில் குறிக்கப்படும் தொகையிலேயே முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாகிறது. காப்பீட்டுத் தொகை என்பது வேலை முழுவதும் முடிந்த நிலையில் அந்தக் கட்டிடத்தின் மொத்த மதிப்பாக இருக்கவேண்டும். உரிமையாளரே வாங்கிக் கொடுக்கும் சிமெண்டு, கம்பி, மின்தூக்கி முதலியவற்றின் விலையும் அதில் சேரவேண்டும். இடையில் விலைவாசி ஏறினால் தொகையையும் ஏற்றவேண்டும். பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தும் உத்தேசத்துடன், 4 கோடி ரூபாய் வேலையை 3 கோடி என்று ஒருவர் எழுதிக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி வேலையில் ஒரு நாள் 20 லட்ச ரூபாய்க்குச் சேதம் நேர்கிறது. காப்பீடு 3 கோடிக்கு இருக்கிறதே, 20 லட்சம் அதற்குள் அடங்குகிறதே என்று அவர் நினைப்பார். ஆனால் முக்கால் பங்குக்கே பிரீமியம் கட்டியவருக்கு முக்கால் பங்கே ஈடு என்பது பாலிசியின் விதியாதலால், கணக்கு 15 லட்சத்தில் நின்றுவிடும். அதிலிருந்தும், ஒவ்வொரு நஷ்டத்திலும் முதற்பகுதியை ஒப்பந்தக்காரரே ஏற்கவேண்டும் என்று முன்பே குறித்துள்ள தொகை கழியும். புயல், வெள்ளம், பூகம்பம், மண்சரிவு, இடிந்துவிழுதல் ஆகியவற்றுக்கு இந்தக் கழிவு மற்றவற்றைக் காட்டிலும் அதிகம். கடற்கரை மாவட்டங்களில் வேலை எடுப்பவர்கள் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தக் கழிவையும் ஒப்பிட்டுப் பார்த்தே பாலிசியைத் தேர்வு செய்யவேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்கால் தோண்டுவதற்கு நல்ல நாளும் முகூர்த்தமும் பார்த்துப் பூஜை போடுவதில் நம்மவர் குறை வைப்பதில்லை. வேலை நடக்கும் கட்டிடத்தின் முகப்பில் திருஷ்டி பொம்மை கட்டவும் மறப்பதில்லை. ஆனால் பாலிசி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை அதே சிரத்தையுடன் கவனிப்பவர் குறைவு. நம் நாட்டின் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64-வி.பி. பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் எந்த அபாயத்தையும் ஏற்றுக்கொள்ளலாகாது. விண்ணப்பம் கொடுத்தாயிற்று, ஏஜெண்டிடம் பேசியாயிற்று என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகா. முடிவுத் தேதியும் அவ்வாறே. பதினெட்டு மாதத்தில் முடிக்கக் கருதிய வேலை இரண்டரை ஆண்டு நீடிப்பது சர்வசாதாரணம். பாலிசியை நீட்டிக்க மறந்துவிட்டு, கட்டிடத்தின் மதிப்பு உச்சத்தில் இருக்கும் கடைசி மாதங்களில் காப்பே இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. பணத்தட்டுப்பாட்டால் வேலையை நிறுத்திவைத்தால் அதையும் எழுத்தில் தெரிவித்தாகவேண்டும். வேலை நின்றுபோனதால் விளையும் சேதத்தை இந்தப் பாலிசி விலக்கியே வைத்திருக்கிறது.

விலக்குகளிலெல்லாம் மிகப் பாரதூரமானது, வரைபடத்தில் உள்ள பிழையால் நேரும் சேதம். 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் மழைபெய்த ஒரு மாலைப்பொழுதில் அப்படியே அமர்ந்து மண்ணோடு மண்ணானதையும், அதில் 61 உயிர்கள் பலியானதையும் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. அதன் அருகே நின்ற மற்றொரு கட்டிடமும் ஆபத்தானது என்று முடிவு செய்யப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இத்தகைய பேரிடியில் மழையையும் காற்றையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மண் பரிசோதனை, அஸ்திவாரக் கணக்கு, தூணின் குறுக்களவு, கம்பியின் அளவு என்று ஒவ்வொன்றாகக் கேள்விகள் எழும். சாதாரணப் பாலிசியின் வாசகப்படி, பிழையான வடிவமைப்பால் விளைந்த நஷ்டத்துக்கு ஈடு இல்லை. மட்டமான பொருளாலோ வேலைத்திறக் குறைவாலோ பழுதான பகுதியை மாற்றிக் கட்டும் செலவுக்கும் ஈடு இல்லை. அப்பகுதி விழுந்ததால் அதன் அருகே சரியாகக் கட்டப்பட்டிருந்த பகுதி சேதமாகியிருந்தால் அதற்கு மட்டும் உண்டு. வடிவமைப்புப் பிழைக்கும் ஓரளவு காப்பளிக்கும் இணைப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பெறலாம். வரைபடம் போட்ட பொறியாளர் தம் தொழிற்பொறுப்புக்கென்று தனிக் காப்பீடு வைத்திருக்கிறாரா என்பதை ஒப்பந்தக்காரரும் உரிமையாளரும் வேலை தொடங்குமுன் கேட்டறிவது அவமரியாதை ஆகாது.

அடுத்தது, அக்கம்பக்கத்தார். சென்னை போன்ற நகரங்களில் அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம் வேண்டும் என்பதற்காக, சுற்றிலும் வீடுகள் நெருங்கிநிற்கும் மனையில் இருபது அடி, முப்பது அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் அத்தகைய ஆழமான கட்டுமானப் பள்ளம் ஒன்றின் ஓரம் சரிந்து, அதில் விழுந்த இருவர் உயிரிழந்தனர். நீரை இறைத்து உடல்களை மீட்கவே நாட்கள் சென்றன. பாலிசியின் இரண்டாம் பகுதி, வேலையால் வெளியாருக்கு நேரும் உயிர்ச்சேதம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை ஏற்கிறது. ஆனால் நம் ஊர்களில் மிக அதிகமாக எழும் வழக்கு எதுவோ, அது அங்கே நேரடியாக அடங்குவதில்லை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பைலிங் எந்திரத்தின் அதிர்வாலோ, பள்ளம் தோண்டியதால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் மண்பிடிப்புத் தளர்ந்ததாலோ அந்த வீட்டுச் சுவரில் வெடிப்பு உண்டானால், அதற்கென்று தனி இணைப்பு வாங்கியிருந்தாலன்றி ஈடு இல்லை. அந்த இணைப்பைக் கொடுப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: வேலை தொடங்குமுன் பக்கத்துக் கட்டிடங்கள் நல்ல நிலையில் இருந்தன என்று காட்டவேண்டும். ஆகவே, கடப்பாரை மண்ணில் படுமுன்பே அண்டைவீட்டாரின் சம்மதத்துடன் அவர்கள் வீட்டுச் சுவர்களையும், ஏற்கெனவே உள்ள வெடிப்புகளையும், தேதியோடு புகைப்படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது மிகுந்த பிரயோஜனமுள்ள காரியம். அரை நாள் வேலை. பின்னால் பல ஆண்டு நீதிமன்ற நடையை அது தவிர்க்கக்கூடும்.

விபத்து நிகழ்ந்த பிறகு செய்யவேண்டியவற்றை நீட்டிச் சொல்ல அவசியமில்லை. உடனே எழுத்தில் தகவல் கொடுக்கவேண்டும். மேலும் சேதம் பரவாதபடி தடுக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை இடிபாடுகளை, உயிர்காக்கும் வேலைக்காக அன்றி, கலைக்கலாகாது. நஷ்டக் கணக்கு எழுதும் சர்வேயர் கேட்பவை பெரும்பாலும் அன்றாடக் காகிதங்களே: சிமெண்டு வந்த ரசீது, கான்கிரீட் கனசதுரங்களைச் சோதித்த அறிக்கை, வேலைநாட்குறிப்பு, அளவைப் புத்தகம், ஆட்களின் வருகைப் பதிவேடு. இவை ஒழுங்காக உள்ள இடத்தில் ஈடு பெறுவது எளிது.

இதுவரை சொன்னதெல்லாம் பொருளைப் பற்றியது. முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். மேலே விவரித்த ‘எல்லா அபாயங்களும்’ என்னும் பாலிசியின் வெளியார் பொறுப்புப் பகுதி, ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவரை வெளியார் என்று கொள்வதில்லை. அவர்களுக்கு நேரும் மரணமும் காயமும் அதிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் காப்பு உண்டு; வழிப்போக்கருக்கும் உண்டு; சாரத்தின்மேல் நின்று அந்தச் செங்கல்லை அடுக்குகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பெரிய டெண்டர்களில் கட்டிடத்துக்கும் தொழிலாளருக்குமான இரண்டு பாலிசிகளையும் காட்டினாலன்றி வேலை உத்தரவு கிடைக்காது. சிறிய வேலைகளிலோ, கட்டிடத்துக்குப் பாலிசி எடுத்தவர்கூடத் தொழிலாளருக்கு எடுக்காமல் இருந்துவிடுகிறார். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்ற நிலை ஒருவருக்கு வந்தால், கட்டிடத்துக்கான பாலிசியைத் தள்ளிவைத்துத் தொழிலாளருக்கான பாலிசியை முதலில் எடுக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இடிந்த சுவரைக் கடன் வாங்கியாவது மறுபடி எழுப்பலாம்.

சட்டமும் இந்த வரிசையையே வற்புறுத்துகிறது. 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையின் நிமித்தமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்று விதித்தது. முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து வேலையோடு சம்பந்தப்பட்டது என்று காட்டினால் போதும். இதன் ஏற்பாடுகள், இதன் இடத்தில் இப்போது வந்துள்ள, 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் ஓர் அத்தியாயமாக இடம்பெற்றிருக்கின்றன. தொகையைக் கணக்கிடும் முறை எளிது: மரணம் நேர்ந்தால், மாத ஊதியத்தில் பாதியை, இறந்தவரின் வயதுக்கு ஏற்பச் சட்டத்தின் அட்டவணை கொடுத்துள்ள எண்ணால் பெருக்கவேண்டும். ஊதியம் எவ்வளவாயினும் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று 2020 ஜனவரியில் வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் இருந்த வரம்பு 8,000 ரூபாய்தான். முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால், 7,500-ஐ அந்த வயதுக்குரிய 207.98-ஆல் பெருக்க, 15,59,850 ரூபாய் வருகிறது. ஐம்பது வயதானவருக்கு எண் 153.09, தொகை 11,48,175 ரூபாய். மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பாதித்த மனிதரின் குடும்பத்துக்கு இது நியாயமான ஈடு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வரம்பு இன்னும் உயரவேண்டும். ஆயினும், ஒரு வீட்டு வேலையில் இரண்டு லட்சம் லாபம் காணும் சிறு ஒப்பந்தக்காரர் இந்தத் தொகையைக் கைப்பணத்திலிருந்து கட்ட நேர்ந்தால் அவருடைய தொழிலே அத்தோடு முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஒரே விபத்தில் மூவர் நால்வர் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“ஹெல்மெட் போடச் சொன்னேன், அவன் போடவில்லை, பெல்ட் கட்டச் சொன்னேன், கட்டவில்லை, குடித்துவிட்டு ஏறினான்” என்று விபத்துக்குப் பின் சொல்லப்படும் சமாதானங்களைச் சட்டம் முழுவதும் புறக்கணிக்கவில்லை, சிறு காயங்களில் அவை எடுபடும். ஆனால் மரணமோ நிரந்தரமான முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் இவற்றில் எதுவும் முதலாளியை விடுவிக்காது. அதேபோல, “அவர் என் ஆள் இல்லை, சென்ட்ரிங் கான்டிராக்டரின் ஆள்” என்பதும் செல்லாது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருந்த விதியின்படி, தம் தொழிலின் ஒரு பகுதியை வேறொருவரிடம் ஒப்படைத்தவர், அவருடைய ஆட்களுக்கும் தம் சொந்த ஆட்களுக்குப் போலவே நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுத்துவிட்டு உள்ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள உரிமை உண்டு. கையில் சுத்தியலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் தவிர வேறு சொத்தில்லாத மேஸ்திரியிடம் எதை வசூலிப்பது? ஆதலால், பாலிசி எடுக்கும்போது உள்ஒப்பந்தக்காரர்களின் ஆட்களையும் அதில் எழுத்தாகச் சேர்க்கச் சொல்வது இன்றியமையாதது. சேர்க்காவிட்டால், சட்டம் ஒப்பந்தக்காரரின் தலையில் வைக்கும் பொறுப்பு ஒரு பக்கமும், பாலிசி ஏற்கும் பொறுப்பு மற்றொரு பக்கமுமாக நின்றுவிடும்.

தொழிலாளருக்கான இந்தப் பாலிசியின் பிரீமியம், ஆட்களுக்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பதினைந்து பேர் என்றும், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குபவரை நானூறு என்றும் எழுதிக்கொடுப்பது, கட்டிட மதிப்பைக் குறைத்து எழுதுவதைக் காட்டிலும் கொடிய சிக்கனம். மருத்துவச் செலவுக்கு என்று தனி இணைப்பு வாங்கவேண்டும். எலும்பு முறிந்த தொழிலாளிக்கு நடந்த சிகிச்சையின் உண்மைச் செலவை முதலாளி கொடுத்துத் தீரவேண்டும் என்று சட்டம் சொல்ல, இணைப்பு இல்லாத பாலிசி அதைத் தருவதில்லை. நஷ்டஈட்டுத் தொகையை உரிய காலத்தில் கொடுக்காமல் ஒரு மாதம் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டியும், தக்க காரணம் இல்லையெனில் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் சுமத்தலாகாது என்பது உச்ச நீதிமன்றம் 1997-இல் அளித்த தீர்ப்பு. வட்டியையும்கூட ஒப்பந்த வாசகத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்பது 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பாலிசியைக் கையில் வாங்கியதும் வட்டியைப் பற்றிய வரியைத் தேடிப் படிக்கவேண்டியது இதனால்தான்.

நம் ஊரில் வழக்கமாக நடப்பது வேறு. விபத்து நடந்த இரவே, ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் ‘இனி எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று எழுதி வாங்கி, உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதில் பரிவும் கலந்திருக்கலாம், பயமும் கலந்திருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அந்தத் தாள் வெற்றுத் தாள். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருந்த விதி. மரண நஷ்டஈட்டை, இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்கும் அரசு ஆணையரிடம் கட்டினாலன்றிக் கொடுத்ததாகவே கணக்காகாது என்பது அதன் 8-ஆம் பிரிவில் இருந்த விதி. மூன்று மாத ஊதியத்துக்கு மேற்படாத முன்பணத்தை மட்டும் நேரே குடும்பத்திடம் கொடுக்கலாம். துக்கத்தில் இருக்கும் இளம் விதவையையும் குழந்தைகளையும் சுற்றத்தாரின் நெருக்கத்திலிருந்தும் மற்றவர் பேராசையிலிருந்தும் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. பேசி முடித்துவிட்டதாக நம்பிக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவலே கொடுக்காமல் இருந்துவிட்ட ஒப்பந்தக்காரர், இரண்டு ஆண்டு கழித்து ஆணையரின் நோட்டீஸ் வரும்போது, பாலிசி இருந்தும் பயனில்லாமல் திகைத்து நிற்க நேரிடும்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வையாகச் செலுத்தியிருக்கிறோமே, 1994-இல் அமைந்த நம் மாநிலக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் உதவித்தொகை கொடுக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. வாரியத்தின் உதவி, பதிவு செய்துகொண்ட தொழிலாளிக்கு உரிய சலுகை. முதலாளியின் நஷ்டஈட்டுக் கடமையை அது தீர்க்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, காப்பீடு ஒரு மனிதரையும் விழாமல் தடுப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். தடுக்கும் விதிகள் புதியவை அல்ல. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களோடு நெடுங்காலமாக இணைந்துவரும் பாதுகாப்பு விதிகளில் அவை தெளிவாகவே இருக்கின்றன. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களைப் படிபோல் சரித்து வெட்டவேண்டும், அல்லது பலகையும் முட்டும் கொடுத்து நிறுத்தவேண்டும். தோண்டிய மண்ணை, பள்ளத்தின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டருக்குள்ளோ ஆழத்தில் பாதித் தூரத்துக்குள்ளோ, எது அதிகமோ அந்த எல்லைக்குள் கொட்டலாகாது. தரையிலிருந்து 3.6 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்துக்கு 90 சென்டிமீட்டர் உயரமாவது உள்ள கைப்பிடித் தடுப்பு வேண்டும். தோண்டிய மண்ணை வாரி ஓரத்திலேயே குவித்து, அதன்மேல் செங்கல் லாரியையும் பின்பக்கமாக ஓட்டிவந்து நிறுத்தும் காட்சியை நம் தெருக்களில் காணாதவர் யார்? மண்ணை ஐந்தடி தள்ளிக் கொட்டுவதற்கு ஆகும் கூலி மிகச் சொற்பம். இடம் போதாது என்பது உண்மையான சிரமந்தான். அப்படியானால் அந்த மண்ணை அன்றைக்கே லாரியில் ஏற்றி அனுப்பும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதவேண்டும். பாதுகாப்பின் விலை டெண்டர் தொகைக்குள் தனி இனமாக இடம்பெறாத வரையில், குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்னும் சம்பிரதாயம் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். இதில் ஒப்பந்தக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. விலையை நெருக்கி நெருக்கிக் குறைத்த உரிமையாளருக்கும் பங்கு உண்டு.

இன்று நம் மாநிலத்தின் கட்டுமான இடங்களில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபட்டால், அவருடைய மனைவி வழக்குக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ வந்து அலையவேண்டும் என்பதில்லை. சார்ந்திருப்போர் வசிக்கும் ஊரின் ஆணையரிடமே மனுக் கொடுக்கலாம் என்று சட்டம் வழி திறந்திருக்கிறது. கணவர் எந்த ஒப்பந்தக்காரரிடம், எந்த ஊரில், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு ஆதாரமாவது அவர் கையில் இருந்தால்தான் அந்த வழி பயன்படும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2017-இல் சேர்க்கப்பட்ட 17-ஏ பிரிவு, வேலையில் சேரும்போதே நஷ்டஈட்டு உரிமையைப் பற்றி ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. தவறினால் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம் என்றும் அதில் இருந்தது. ஒப்பந்தக்காரரின் பெயர், பாலிசியின் எண், அது காலாவதியாகும் தேதி, தொழிலாளியின் நாட்கூலி ஆகிய நான்கையும் ஒடியாவிலோ இந்தியிலோ ஒரு பக்கத்தில் அச்சிட்டு, சேர்ந்த நாளிலேயே கையில் கொடுத்து, ஒரு பிரதியை அவருடைய வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பிவிடலாம்.